தண்ணீர் வண்டிக்காரனின் கள்ளி

எங்கள் பாலைவன ஊர் ஹெர்மோசியோவில் கள்ளியைச் சாகடிப்பது அவ்வளவு சுலபமில்லை. மாடு முட்டும், லாரி உரசும், ஜூன் மாத வெயில் தரையையே வறுத்தெடுக்கும். அது பாட்டுக்கு நிற்கும். அப்படிப்பட்ட கள்ளியை நான் வரிசையாகக் கொன்றிருக்கிறேன். மனதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. எல்லாம் பாசத்தில் நடந்த கொலைகள்.

என் பெயர் ஃபிதென்சியோ போஹோர்கெஸ். அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. "பிரளயம் வீடு எது?" என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். குழாயைத் திறந்தால் காற்று மட்டும் சீறுகிற மேட்டுத் தெருக்களுக்குக் கோடை முழுக்க என் லாரிதான் ஆறு, குளம், மழை எல்லாம். நான் தெருமுனையில் திரும்பினாலே வாளியும் பீப்பாயுமாக ஜனம் ஓடிவரும். வேறு எந்த வேலையிலும் எனக்கு அந்த மரியாதை கிடைத்திருக்காது, என் மூஞ்சிக்கு நிச்சயமாகக் கிடைத்திருக்காது. இத்தனை வருஷம் அப்படியே வாழ்ந்ததில், தண்ணீர் ஊற்றினால் யாருக்குத்தான் பிடிக்காது என்கிற நினைப்பு மண்டையில் ஊறிவிட்டது. கள்ளிக்குப் பிடிக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சரி, சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை.

முதலில் செத்தது ஒரு சப்பாத்திக்கள்ளி. வேலி ஓரத்தில் அனாதையாய் முளைத்து நன்றாகத்தான் இருந்தது, நான் தத்தெடுக்கும்வரை. ஒரு குளிர்காலம் முழுக்க ஊற்றினேன். வேர் கூழாகி, தொட்டதும் கஞ்சியில் போட்ட அப்பளம்போல மடங்கி விழுந்தது. அதற்கப்புறம் குழாய் குழாயாய் நிற்கிற பித்தாயாக் கள்ளி ஒன்று, வெள்ளை முடி போர்த்திய குட்டைக் கள்ளிகள் சில. என்னோடு லாரி ஓட்டுகிற சாலியோ ஒருநாள் டீசல் போடுகிற இடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "டேய் பிரளயம், சிமென்ட்டுல ஒரு கள்ளி செஞ்சு வெச்சுக்கடா. அதையாச்சும் உயிரோட வெச்சுக்குறியான்னு பாப்போம்." சிரித்தவர்களில் நானும் ஒருவன். என்னைப் பற்றி யாராவது நன்றாகச் சொன்னால் சிரிக்காமல் இருக்க எனக்கு வராது.

ஆனால் ஒன்றே ஒன்று மட்டும் சாகவில்லை. அது என் மனைவி லிப்ராதா கல்யாணத்தன்று கொண்டுவந்தது.

லிப்ராதா ஒபோதேப்பே பக்கத்துப் பண்ணைக்காரர் வீட்டுப் பெண். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் புருஷன் வீட்டுக்குப் போகும்போது, மாட்டுத் தொழுவத்துச் சுவரோரம் நிற்கிற பிஸ்னாகாக்களில் ஒன்றைத் தோண்டி, பாதியாக வெட்டிய இரும்பு டிரம்மில் நட்டுக் கூடவே அனுப்புவார்கள். பிஸ்னாகா என்பது பீப்பாய்போல உருண்டு திரண்ட கள்ளி; முள்ளெல்லாம் தூண்டில் மாதிரி வளைந்திருக்கும். ஏற்றி இறக்கியதில் என் சட்டை, கால்சட்டை, கையின் தோல் எல்லாவற்றிலும் அது தன் பங்கை எடுத்துக்கொண்டது.

மாமனார் தோன் எலிகியோ என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "இத பாரு மாப்ள. ஆகஸ்ட்டு மழை விட்டதும் இது தலையில கிரீடம் வெச்ச மாதிரி பூக்கும். ஒரு வருஷம் தவறினதில்ல. உன் வீட்டுலயும் பூத்துச்சுன்னா எம் பொண்ணு அங்க நல்லா இருக்கான்னு அர்த்தம். பூக்கலேன்னா..."

மிச்சத்தைச் சொல்லாமல் பகனோரா சாராயத்தை ஒரு மடக்கு குடித்தார். பிறகு டிரம்மின் வெளிப்பக்கம் இழுத்திருந்த சுண்ணாம்புக் கோட்டைக் காட்டினார். "இந்தக் கோடு தெக்கப் பாக்கணும். அந்தப் பக்கந்தான் வெயில்ல காய்ச்சுப்போன தோல். வடக்குப் பக்கம் பச்ச ஒடம்பு. மாத்தி வெச்சியோ, வெந்துரும். புரியுதா?"

"புரியுது தோன் எலிகியோ" என்றேன். அவர் குடித்ததில் பாதி நானும் குடித்திருந்தேன்.

வழியெல்லாம் புழுதி. மறுநாள் காலை எழுந்ததும் நான் வழக்கமாகச் செய்கிற முதல் வேலை லாரியைக் குழாய் போட்டுக் கழுவுவது. புது மாப்பிள்ளை உற்சாகத்தில் டிரம்மையும் சேர்த்துப் பளபளவென்று கழுவிவிட்டேன். கோடு போன இடம் தெரியவில்லை. பின்முற்றத்தில், டிரம்மில் நசுங்கல் இல்லாத பக்கம் சமையலறையைப் பார்க்கும்படி, கண்ணுக்கு அழகாக வைத்தேன். அந்தக் கோடையிலேயே பிஸ்னாகாவின் பச்சை உடம்பு வெளுத்து, அப்புறம் பழுத்து, கடைசியில் கருகின ரொட்டிபோல ஒரு பக்கம் முழுக்கத் தழும்பாகிவிட்டது.

லிப்ராதா இடுப்பில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கோடு எங்க?"

"எந்தக் கோடு?" என்றேன். என் கல்யாண வாழ்க்கையில் நான் கேட்ட முட்டாள்தனமான கேள்விகளில் அதுதான் முதலாவது, கடைசி அல்ல.

அன்றிலிருந்து அந்தக் கள்ளியின் மேல் எனக்கு வந்த அக்கறைதான் அதன் தலையெழுத்தைக் கெடுத்தது. வெந்த உடம்பாயிற்றே என்று நாலு கழி நட்டு, லாரியின் பழைய தார்ப்பாயைக் கட்டி நிழல் போட்டேன். விடிகாலையில் லாரி எடுக்கப் போகுமுன் ஒரு வாளி தண்ணீர். குளிர்காலத்தில் ஊர் முழுக்கத் தோட்டத்துக் குழாயை மூடிவிடுவார்கள், நான் மூடவில்லை. நாற்பத்தேழு டிகிரியில் வேகிற எங்கள் ஊர்க்காரனுக்குச் சொர்க்கம் என்றால் என்ன? நிழலும் தண்ணீரும். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். என் சொர்க்கத்தை நான் அதற்குக் கொடுத்தேன். ஒரு கோடையில் ஏர்கூலரின் குளிர்காற்றுகூட அதன் பக்கம் போகும்படி திருப்பி வைத்தேன். அதுவும் கொழுத்தது, வெளிறியது, வயிறு தள்ளி ஒரு மாதிரி சாய்ந்து நின்றது, சரியாக என்னைப்போல. பூக்க மட்டும் இல்லை.

ஒரு ஆகஸ்ட் போயிற்று, இன்னொன்று போயிற்று, எங்கள் மகள் பிறந்து வளர்ந்து நோகாலெஸுக்கு வேலைக்கே போய்விட்டாள். பூவைக் காணோம்.

வருஷா வருஷம் சான் ஹுவான் திருநாளுக்குப் பண்ணைக்குப் போவோம். அன்று ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் வாரி ஊற்றி மழைக்காலத்தை வரவேற்பது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லோரும் என்னைத் தேடிப் பிடித்து ஊற்றுவார்கள், தொழில் மரியாதையாம். ஈரம் சொட்டச் சொட்ட நான் நிற்கும்போது மாமனார் கேட்பார்: "போன வருஷமாச்சும் பூத்துச்சா?" காது மந்தமான பிறகு வாயால் கேட்பதை நிறுத்திவிட்டார், விரல்களைக் குவித்து, மெதுவாக விரித்து, புருவத்தை உயர்த்துவார். நான் இல்லையென்று தலையை ஆட்டியதும் அவர் முகம் வாடிப்போகும். அதைவிட என் மைத்துனன் நபோர் மோசம்.

"விடுப்பா, மச்சான் வீட்டுல பாசிதான் பூக்கும். மச்சான், பேசாம அத வெட்டி மிட்டாய் போட்டுருவமா?"

"பிஸ்னாகா மிட்டாய்க்குத்தான் அரசாங்கம் தடை போட்டுருச்சே" என்பேன்.

"தடை இல்லேன்னா போட்டுருப்ப, அப்படித்தானே?"

எல்லோரும் சிரிப்பார்கள். லிப்ராதா மட்டும் சிரிக்கவும் மாட்டாள், எனக்காக ஒரு வார்த்தை பேசவும் மாட்டாள். கரியில் வேகிற இறைச்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள். அதுதான் என்னைச் சுட்டது. ஒபோதேப்பே பள்ளத்தாக்கு முழுக்கக் குதிரையில் சுற்றித் திரிந்தவளை, சுவர் பூசாத இரண்டு அறைக்கும் டீசல் வாசத்துக்கும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நல்லாத்தான் இருக்காளா? அல்லது தப்பு செய்துவிட்டோம் என்று இத்தனை வருஷமாய் மனசுக்குள் புழுங்குகிறாளா? கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டில் நான் அவளிடம் பேசுகிற விஷயம் மூன்றுதான்: டீசல் விலை, பம்பு ரிப்பேர், சாப்பாடு ரெடியா. மற்றதெல்லாம் தொண்டைவரை வந்து டயர் மாதிரி சிக்கிக்கொள்ளும். ஆகவே நானும் மாமனாரைப்போல அந்தக் கள்ளியின் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

ஒரு வருஷம் பொறுமை போய்விட்டது. ஆகஸ்ட் கடைசியில் நபோர் ஏதோ வேலையாய் ஊருக்கு வருகிறான் என்று தெரிந்ததும், கல்லறைக்குப் பக்கத்துக் கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் பூ வாங்கினேன். அங்கே கள்ளிப்பூவா இருக்கும்? மஞ்சளும் சிவப்பும் கலந்த டேலியா இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று காம்பை நறுக்கி, பஞ்சர் ஒட்டுகிற பசையால் கள்ளியின் உச்சியில் வட்டமாக ஒட்டினேன். விரலெல்லாம் ரத்தம். நபோரைச் சமையலறை வாசலோடு நிறுத்திவிட வேண்டும் என்பது திட்டம்.

அவன் நிற்கவில்லை. "மச்சான்! பூத்துருச்சா!" என்று நிஜமான சந்தோஷத்தோடு ஓடினான். அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கிட்டே போய்க் குனிந்தான். ஒரு பூவைத் தொட்டான். அது அவன் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"லிப்ராதா, இங்க வா" என்றான் மெதுவாக. "உம் புருஷன் பிஸ்னாகாவுல டேலியா பூக்க வெச்சுருக்கான். மகரந்தத்துல பெட்ரோல் வாசம் அடிக்குது."

என் மானம் அன்று கப்பலேறி, பண்ணைவரை போய்ச் சேர்ந்தது. அடுத்த சான் ஹுவான் நாளில் ஒபோதேப்பேயில் மாடு மேய்க்கிறவன்கூட என்னைப் பார்த்து மூக்கைப் பிடித்தான். லிப்ராதா பசை காய்ந்த இடத்தை ஊசியால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கடுத்து வந்த குளிர்காலத் தொடக்கத்தில் நான் என் சொந்தத் தண்ணீரிலேயே வழுக்கி விழுந்தேன். லாரித் தொட்டியின் மேல் ஏறி மூடியைத் திறந்தவன், நிரம்பி வழிந்த ஈரத்தில் கால் வைத்து, நேராகத் தார் ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது. சாலியோ ஆஸ்பத்திரிக்கு வந்து, "தண்ணிலயே நீ செத்துருவன்னு நெனச்சோம், பரவால்ல, ஒடைஞ்சதோட விட்டுருச்சு" என்று ஆறுதல் சொன்னான். லாரியை அவன் தம்பி எடுத்துக்கொண்டான். நான் முன்னறைக் கட்டிலில் கிடந்தேன். என் எலும்பும் என்னைப்போலவே மந்தம்; வசந்தம் வந்தும் சேரவில்லை. பின்முற்றத்துக்குப் படி இறங்க வேண்டும். டாக்டர் படியை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்றார்.

கட்டிலிலிருந்தே கத்துவேன்: "அடியே, கள்ளிக்கு ஊத்துனியா?"

"ஊத்திட்டேன், கெழவா."

ஜனவரியில் ஒருநாள் அடித்த காற்றில் பின்னால் தார்ப்பாய் படபடவென்று கிழிகிற சத்தம் கேட்டது. "நிழல் போச்சு! சாலியோவக் கூப்புட்டு வேற கட்டச் சொல்லு!"

"கட்டிக்கலாம், நீ படு."

படுத்தேன். வேறென்ன செய்ய? ஜன்னல் வழியே தெருவில் என் லாரி போவதைப் பார்த்தேன். ஜனம் அதே வாளியோடு அதே ஓட்டமாக ஓடியது. சாலியோவின் தம்பி முகமும் அப்படியொன்றும் பார்க்கச் சகிக்கிற முகமில்லை. மரியாதை எனக்கல்ல, தொட்டிக்குத்தான் என்று புரிந்துகொள்ள எனக்கு இடுப்பு உடைய வேண்டியிருந்தது. டீசல் போடவில்லை, பம்பு பழுதாகவில்லை. மூன்று விஷயத்தில் இரண்டு போய்விட்டதால் சாப்பாடு பற்றி மட்டும் பேசினேன்.

ஆகஸ்ட்டில் நல்ல மழை. ஊன்றுகோலோடு நடக்க விட்டிருந்தார்கள். ஒருநாள் காலை, லிப்ராதா சமையலறையில் கோதுமை மாவைக் கையில் வீசி வீசி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது, நான் திருட்டுத்தனமாகப் படி இறங்கினேன். வாளியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

பிஸ்னாகா பூத்திருந்தது.

உச்சியில் வட்டமாக, ஆரஞ்சும் சிவப்புமாக, பட்டுத் துணியை மடித்து வைத்ததுபோல நெருக்கி நெருக்கி. மொட்டுகள் வேறு காத்திருந்தன. ஒவ்வொரு பூவுக்குள்ளும் தேனீ புரண்டுகொண்டிருந்தது. உடம்பு இளைத்து, இறுகி, தெற்கே சாய்ந்து, பண்ணைச் சுவரோரம் முதலில் பார்த்த அதே கர்வத்தோடு நின்றது. தலைக்குமேல் தார்ப்பாய் இல்லை. கழிகளில் நாலு நூல் தொங்கியது. நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே, "நபோருக்குப் போன் பண்ணுடி!" என்று கத்தினேன்.

கத்திய வாயை அப்படியே மூட வேண்டியதாயிற்று. நபோரிடம் என்ன சொல்வது? இருபது வருஷத்துக்குக் கிட்ட நான் சீராட்டி வளர்த்தபோது பூக்கவில்லை, நான் படுத்ததும் பூத்துவிட்டது என்றா?

லிப்ராதா மாவுக் கையோடு வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"நீ தெனமும் ஊத்துறதாச் சொன்னியே" என்றேன்.

"சொன்னேன்."

"ஊத்துனியா?"

"இல்ல."

"தார்ப்பாய்?"

"காத்து பாதி கிழிச்சுச்சு. மீதிய நான் கிழிச்சேன்."

"அப்ப ஒனக்குத் தெரியும். மொதல்லேருந்தே தெரியும்."

"தொழுவத்துச் சுவரோரமே வளந்தவகிட்ட கேக்குற கேள்வியா இது? அதுக்கு வெயிலு வேணும், குளிர்காலத்துல தண்ணியில்லாமக் காயப்போடணும். எங்க ஊரு கன்னுக்குட்டிக்குக்கூடத் தெரியும். நீ ஊத்துன ஊத்துக்கு அது மொத வருஷமே அழுகியிருக்கணும். டிரம்முக்கு அடியில நாந்தான் ஆணியடிச்சு ஓட்ட போட்டு வெச்சேன். அதுல வடிஞ்ச தண்ணியக் குடிச்சுட்டு பக்கத்துல நிக்கிற இந்த எலுமிச்ச மரம் மட்டும் ஏன் கொத்துக் கொத்தாக் காய்க்குதுன்னு என்னிக்காச்சும் யோசிச்சியா?"

யோசித்ததில்லை. எலுமிச்சைக்கு என் கைராசி என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம். "சரி. ஒங்கப்பா கணக்குப்படி, நீ இப்பத்தான் நல்லா இருக்க. நான் எப்ப ஒடைஞ்சு விழுவேன்னு அதுவும் காத்துட்டிருந்துருக்கு, நீயும் காத்துட்டிருந்துருக்க. நபோர் என்னை நாறடிச்சப்பல்லாம் வாய மூடிட்டு கறியத் திருப்பிட்டு இருந்தியே, அதுக்கும் இதான் அர்த்தம்."

"மடையா" என்றாள். குரல் உடைந்திருந்தது. "கல்யாணம் ஆனதுலேருந்து இந்த ஒரு வருஷம் மாதிரி நான் எந்த வருஷமும் கெடந்து தவிச்சதில்ல."

"அப்புறம் ஏன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் வாளியத் தூக்கிருக்கவே மாட்டேனே."

"அதான் சொல்லல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் படியில் உட்கார்ந்தாள். சமையலறை ஜன்னலைக் கையால் காட்டினாள். டிரம்முக்கு நேர் மேலே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது அது.

"நான் அங்க நின்னு காப்பி போடுவேன். நீ வாளியோட வருவ. ஊத்திக்கிட்டே இதுகிட்டப் பேசுவ. மறந்துருச்சா?"

என் காது சூடேறியது. திட்டியிருப்பேன் என்றுதான் எனக்கு ஞாபகம். 'பூத்துத் தொலை' என்று திட்டியிருப்பேன்.

"திட்டுனேன்னு சொல்லு" என்றேன் பலவீனமாக.

"திட்டுவ. அதுக்கப்புறம்?" அவள் என் குரலிலேயே பேசிக் காட்டினாள். கட்டைக் குரல், மூக்கில் பாதி. "'பூத்துருடா, அவ எவ்ளோ நல்லவ தெரியுமா. நேத்து அவ சிவப்புப் பாவாட கட்டுனா, நான் பம்புல கை வெச்சு நசுக்கிக்கிட்டேன். அவ இல்லேன்னா நான் தெருநாய்டா. அவ இங்க சந்தோஷமா இருக்காளா, உனக்குத் தெரிஞ்சா சொல்லுடா.' இதெல்லாம் எங்கிட்ட ஒரு நாள் சொல்லிருக்கியா நீ? டீசல் ஏறிடுச்சும்ப. கள்ளி பூத்துட்டா நீ பேச்ச நிறுத்திருவியேன்னு எனக்குப் பயம். நபோர் ஒன்னைக் கிண்டல் பண்றப்ப பாவமாத்தான் இருக்கும். இருந்தாலும் விட்டுட்டேன். எனக்கு அது வேணும்."

பூவிலிருந்து ஒரு தேனீ கிளம்பி எங்களுக்கு நடுவே பறந்து போனது. அவள் மாவு படிந்த ஏப்ரனால் மூக்கைத் துடைத்தாள்.

"இந்தக் குளிர்காலம் பூரா ஜன்னல்ல வந்து நின்னேன். ஒண்ணும் கேக்கல. முன்ரூமுல நீ கெடக்க, வாயத் தெறந்தா சாப்பாடும்ப. இது பாட்டுக்கு மொட்டு வெச்சுது. எனக்கு இதப் பாக்கவே புடிக்கல."

நான் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பு வலிக்க வலிக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும். உலகமே சொல் சொல் என்கிறது. தொண்டையில் வழக்கமான டயர். கள்ளியைப் பார்த்துச் சொல்லிவிடலாமா என்று முகத்தைத் திருப்பினேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கன்னமெல்லாம் மாவு.

"ரொட்டி நல்லா இருந்துச்சு" என்றேன்.

"எந்த ரொட்டி? இன்னும் நீ சாப்பிடவே இல்லையே."

"கல்யாணம் ஆன மறுநாள்லேருந்து" என்றேன். "எல்லாமே."